மானியத்தில் மான் நக்கியது போக

உலகத்தில் பொய் சொல்கிறவர்களால் வந்த கரைச்சல் முழுவதையும் ஒரு தட்டில் வைத்து, பொய் சொல்லத் தெரியாத திருத்தம் அண்ணையால் எங்கள் வட்டாரத்துக்கு வந்த கரைச்சலை மறுதட்டில் வைத்தால், இரண்டாவது தட்டு நிலத்தில் முட்டும். இதை நான் சும்மா சொல்லவில்லை. மூன்று வருடம் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவள் சொல்கிறேன்.

அப்போது நான் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட, எங்கள் வட்டார மெம்பரின் அலுவலகத்தில் வேலை செய்தேன். வாசலில் 'நகரசபை உறுப்பினர்' என்று பெயர்ப்பலகை இருந்தாலும் சனத்துக்கு அவர் மெம்பர்தான். அலுவலகம் என்றால் ஒரு முன்னறை, ஒரு அலுமாரி, நாலு கதிரை. நாலில் ஒன்றுக்கு மூன்று கால். என் வேலை கடிதம் அடிப்பது, வருகிறவர்களுக்கு மெம்பர் இல்லை என்று சொல்வது, வட்டாரத்துச் செய்திகளை ஊருக்கு அறிவிப்பது. எந்தத் தெருவில் தண்ணீர் வெட்டு, எந்த ஒழுங்கையில் நுளம்புக்குப் புகை, எந்தப் பள்ளிக்கூடத்தில் இரத்ததானம் என்று ஒவ்வொரு நாளும் ஏதாவது இருக்கும்.

முதலில் கடதாசியில் அடித்துச் சுவரில் ஒட்டினோம். அது மான்களுக்கு நல்ல வசதியாகப் போயிற்று. எங்கள் ஊர் மான்கள் காட்டில் இருப்பதில்லை. பகல் முழுக்கக் கடைத்தெருவில் உலாவி, மரக்கறிக் கழிவைத் தின்று, பஸ் நிலையத்தில் படுத்து எழும்பும். கோதுமை மாப் பசை போட்டு ஒட்டிய அறிவித்தல் அவைக்குப் பலகாரம். தண்ணீர் வெட்டு அறிவித்தலை ஒரு கொம்பன் மான் தின்றுவிட்டதால் ஒரு தெரு முழுக்க சவர்க்காரம் பூசிய உடம்போடு நின்றது. அதற்குப் பிறகுதான் மெம்பர் ஒரு கரும்பலகை வாங்கி வாசலில் தாழ்வாக மாட்டினார். எழுதுவதற்கு ஆள் தேடியபோது எல்லோரும் சொன்ன பெயர் ஒன்றுதான்.

திருத்தம் அண்ணை முன்பு மூதூர் படகுத்துறையில் படகு புறப்படும் நேரத்தைப் பலகையில் எழுதியவர். பாலங்கள் வந்து சனம் பஸ்ஸில் போகத் தொடங்கியதும் அவருடைய எழுத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. எழுத்து அச்சுத்தான். 'ழ' போட்டால் எடுத்து மாலையில் கோர்க்கலாம். அவருடைய சொந்தப் பெயர் எங்களுக்குத் தெரியாது. அடையாள அட்டையில் ஒரு பெயர் இருந்தது. ஆனால் அதில் ஒரு எழுத்துப் பிழை இருக்கிறது என்று சொல்லி, அரசாங்க அலுவலர்கள் ஊருக்கு வரும் நடமாடும் சேவை எங்கே நடந்தாலும் முதல் ஆளாகப் போய் விண்ணப்பம் கொடுத்துவிட்டு வருவார். அது திருந்தும்வரை அந்தப் பெயரைச் சொல்லமாட்டார்.

காலை ஆறரைக்கே இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டோடு வந்துவிடுவார். எழுதுவார். எழுதிவிட்டுப் பலகைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, மடியில் தடித்த அட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பியை விரித்துக்கொண்டு இருப்பார். தெருவால் போகிறவர்களில் யார் யார் வாசிக்கிறார்கள் என்று அதில் எழுதுவார். எழுதியது பிழைத்துவிட்டால், வாசித்த ஒவ்வொருவரின் வீட்டுக்கும் நேரில் போய்த் திருத்தம் சொல்ல வேண்டும் என்பது அவருடைய சட்டம். பலகையில் திருத்தி எழுதினால் போதாது. பிழையை வாசித்தவன் திருத்தத்தையும் வாசிப்பான் என்று என்ன நிச்சயம் என்று கேட்பார்.

ஒருநாள் மீன் வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று போன ஒருவரை மறித்தார்.

"தம்பி, போர்ட்டை வாசிச்சனீங்களோ, பாத்தனீங்களோ?"

"ரெண்டும் ஒண்டுதானே அண்ணை."

"இல்லை. பாத்தனீங்கள் எண்டால் பேர் எழுதத் தேவையில்லை. வாசிச்சனீங்கள் எண்டால் வீட்டு விலாசம் வேணும்."

"நான் ஒண்டும் பாக்கேல்லை அண்ணை, என்னை விடுங்கோ. மீன் பழுதாகுது."

இந்தச் சட்டத்தில் முதலில் மாட்டுப்பட்டவர் ரஹீமா டீச்சர். இரத்ததான முகாமில் முதலாவதாக இரத்தம் கொடுத்தவர் அவர்தான் என்று பலகையில் எழுதினோம். பெயருக்குப் பக்கத்தில் வயது நாற்பத்தைந்து. டீச்சரே வாயால் சொன்ன வயது. பின்னேரம் முகாம் பதிவேட்டைப் பார்த்தபோது அதில் நாற்பத்தெட்டு என்று இருந்தது. திருத்தம் அண்ணை சைக்கிளை எடுத்தார். இரண்டு நாள் வீடு வீடாகப் போய், "ரஹீமா டீச்சருக்கு நாப்பத்தஞ்சில்லை, நாப்பத்தெட்டு" என்று சொல்லிவிட்டு வந்தார். பலகையைக் கண்ணால் காணாத வீட்டுக்காரர்களுக்கும் மதிலுக்கு மேலால் கேட்டுவிட்டது. மூன்றாம் நாள் டீச்சர் குடையோடு அலுவலகத்துக்கு வந்தார்.

"நான் இந்த ஊருக்கு ரெத்தம் குடுத்தனான். நீங்க என்ர வயசக் குடுத்திட்டீங்க."

"பிழை எண்டால் திருத்த வேணும் எல்லோ டீச்சர்."

"அப்ப நானும் ஒண்டு திருத்திறன். இனிமே இந்த வட்டாரத்துக்கு ஒரு சொட்டு ரெத்தம் இல்ல. அதையும் போர்டில எழுதுங்க."

எழுதிவிட்டார். மறுநாள் காலை பலகையில் அது முதலாவது செய்தி.

மெம்பருக்குத்தான் வயிற்றெரிச்சல் கூட. கோயிலடித் தெருவுக்கு விளக்குப் பொருத்தப்பட்டது என்று மெம்பர் சொல்லி எழுதினோம். அடுத்தநாள் பலகையில்: 'திருத்தம். பொருத்தப்பட்டது கம்பம். விளக்கு இன்னும் வரவில்லை.' சிரமதானத்தில் மெம்பர் கலந்துகொண்டார் என்று எழுதினோம். அடுத்தநாள்: 'திருத்தம். கலந்துகொண்டது மெம்பரின் வாகனம்.' மெம்பர் தலையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தார். பதட்டத்தில் மூன்று கால் கதிரையில் இருந்துவிட்டார்.

விழுந்து எழும்பி, "அண்ணை, எதிர்க்கட்சிக்காரன்கூட இப்பிடி எழுதமாட்டான்" என்றார்.

"அவை எப்பிடி எழுதுவினம், அவையிட்ட வெண்கட்டி இல்லையே" என்றார் திருத்தம் அண்ணை. நக்கல் இல்லை. உண்மையாகவே அதை ஒரு காரணமாகத்தான் சொன்னார்.

மெம்பர் அன்றே என்னிடம் பேஸ்புக்கில் ஒரு பக்கம் திறக்கச் சொன்னார். இனிச் செய்தியெல்லாம் அதில்தான் என்றும், பலகையால் இன்னும் ஒரு கரைச்சல் வந்தால் அதைக் கழற்றிப் பின்னுக்குப் போட்டு, அண்ணையையும் வீட்டுக்கு அனுப்புவது என்றும் சொன்னார். திருத்தம் அண்ணை முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மெம்பர் போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "போர்ட் இல்லாட்டி நான் வீட்டில இருந்து என்ன செய்யிறது பிள்ளை? மனிசியைத் திருத்த வேண்டி வரும். அது என்னால ஏலாது."

பேஸ்புக் பக்கத்தையும் அவர் விடவில்லை. நூலகம் திறக்கும் நேரத்தை நான் பிழையாகப் போட்டுவிட்டேன். உடனே மாற்றினேன். அவர் என் கைத்தொலைபேசியை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, யார் யார் 'லைக்' போட்டிருக்கிறார்கள் என்று சீஆர் கொப்பியில் எழுதத் தொடங்கினார்.

"இந்தத் தம்பியின்ர வீடு எங்க?"

"அவர் கனடாவில அண்ணை."

"கனடாவில இருந்து எங்கட நூலகத்துக்கு வரப்போறாரோ?"

"இல்லை."

"அப்ப ஏன் லைக் போட்டவர்? சரி, அவருக்குப் போன் எடுங்கோ. நேரம் ஒம்பதில்லை, ஒம்பதரை எண்டு சொல்லுங்கோ."

எடுத்தேன். அங்கே விடியப்புறம். தம்பி என்ன சொன்னார் என்று எழுத இந்த இதழ் இடம் தராது.

இனி மான் கதைக்கு வருகிறேன்.

மாவுக்கும் சமையல் காஸுக்கும் சனம் வரிசையில் நின்ற காலம். கடையில் ஒரு கிலோ மா கண்டால் அதைப் படம் பிடித்து உறவினருக்கு அனுப்பினோம். அந்த நேரத்தில்தான் மீன்பிடிக்காரருக்கு வலை வாங்க ஒரு மானியம் வந்தது. வியாழன் காலை திருத்தம் அண்ணை பலகையில் நாலு வரி எழுதினார்.

மீனவருக்கு
வெள்ளி காலை 9 மணிக்கு
மெம்பர் அலுவலகத்தில்
மானியம் வழங்கப்படும்.

பின்னேரம் அவர் வீட்டுக்குப் போன பிறகு ஒரு மான் வந்தது. கடற்காற்றில் பலகையில் உப்புப் படிந்திருக்கும், அதற்குத்தான் வந்ததாக்கும். நிதானமாக நின்று நக்கியது. எங்கே நக்கியது என்பதில்தான் விதி விளையாடியது. நாலாவது வரியில் 'மா'வை விட்டுவிட்டு, 'னியம்' என்ற மூன்று எழுத்தையும் சுத்தமாக நக்கித் துடைத்துவிட்டுப் போனது. மிச்சம் இருந்ததை வாசித்துப் பாருங்கள். மீனவருக்கு, வெள்ளி காலை 9 மணிக்கு, மெம்பர் அலுவலகத்தில், மா வழங்கப்படும்.

வெள்ளி காலை நான் எட்டரைக்குப் போனபோது வரிசை கடற்கரை வீதிவரை நின்றது. ஆறரைக்கே வந்த திருத்தம் அண்ணை 'னியம்' திரும்ப எழுதியிருந்தார், ஆனால் வரிசையில் நின்ற ஒருவரும் பலகையைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோர் கையிலும் சொப்பிங் பாக். சிலர் வாளி கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் வட்டாரம் மட்டுமில்லை. பாலையூற்றிலிருந்து வந்திருந்தார்கள், இறக்கக்கண்டியிலிருந்தும் வந்திருந்தார்கள். அன்றைக்கு அந்த வரிசையில் மீனவர் அல்லாதவர் ஒருவர்கூட இல்லை. தையல்கடைக்காரரும் மீனவர், சிகையலங்காரக் கடைத் தம்பியும் மீனவர்.

"நீங்கள் எப்பிடி மீனவர்?" என்று தையல்கடைக்காரரைக் கேட்டேன்.

"நான் ஒவ்வொரு நாளும் மீன் தின்னுறனான் தங்கச்சி."

"என்ர பெரியப்பா வலை பின்னினவர்" என்றது சிகையலங்காரம்.

வரிசையின் கடைசியில், கக்கத்தில் பைலோடு, என்ன நடக்கிறது என்று தெரியாமல் நின்ற நாலுபேர்தான் உண்மையான மீனவர்கள்.

மெம்பர் பின்கதவால் வந்து, யன்னலால் எட்டிப் பார்த்து, வியர்த்துப் போனார். "மா லொறி கந்தளாயில நிக்குது, பின்னேரம் வரும் எண்டு சொல்லுங்கோ. சனம் கலைஞ்சுபோயிடும்" என்றார்.

"லொறி நிக்குதோ?" என்று கேட்டார் திருத்தம் அண்ணை.

"இல்லை அண்ணை. லொறியும் இல்லை, மாவும் இல்லை."

"அப்ப நாளைக்கு அதையும் எல்லோ திருத்த வேணும். இவ்வளவு சனத்துக்கு ரெண்டுதரம் என்னால சைக்கிள் ஓட ஏலாது."

சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்க் கதிரையில் ஏறினார். நல்லகாலம், நாலு கால் கதிரை. படகுத்துறைக் குரலில் சொன்னார்: "எல்லாருக்கும் வணக்கம். திருத்தம். மா இல்லை. மானியம். னியத்தை மான் நக்கிப்போட்டுது."

முன்னுக்கு நின்றவர்கள் பின்னுக்குத் திரும்பி அதைச் சொன்னார்கள். பிறகு ஆரோ சிரித்தார்கள், ஆரோ ஏசினார்கள், ஒரு வெறும் வாளி பறந்து வந்து பலகையில் பட்டது. முன்வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் மட்டும் ஏசவில்லை. "நாங்கள் பாலையூத்தில இருந்து நடந்து வந்தனாங்கள் ஐயா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவர் கதிரையை விட்டு இறங்கி, சீஆர் கொப்பியை எடுத்தார். பிழையை வாசித்தவர்கள் இத்தனை பேர். முறைப்படி எல்லோர் வீட்டுக்கும் போக வேண்டும். "பேரும் விலாசமும் சொல்லுங்கோ" என்றார்.

பேர் எழுதுகிறார்கள் என்றால் எங்கள் சனத்துக்கு ஒரே அர்த்தம்தான். ஏசிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே அமைதியாகி, ஒழுங்காக வரிசையில் நின்று, பேர், விலாசம், பிள்ளைகள் எத்தனை, வீட்டில் சீனி வருத்தக்காரர் எத்தனை என்று சொல்லத் தொடங்கினார்கள். "நான் திருத்தம் சொல்ல வரத்தான் எழுதுறன்" என்று அவர் ஒவ்வொருவரிடமும் சொன்னார். "ஓம் ஓம், அது விளங்குது, எத்தினை கிலோ?" என்று கேட்டார்கள். கொப்பி முடிந்தது. என்னிடம் இன்னொரு கொப்பி வாங்கினார்.

அன்றைக்கு மத்தியானம் மெம்பர் பொறிந்து தள்ளினார். "பேரெல்லோ எழுதிப்போட்டார். இனி இந்தச் சனம் அடுத்த தேர்தல் மட்டும் என்னட்ட மா கேக்கும்." பிறகு கேட்டார், "போர்ட் இருக்கிறது இந்தத் தெருவில. இறக்கக்கண்டிக்கு எப்பிடித் தெரிஞ்சது? ஆரோ படம் எடுத்து வட்ஸ்அப்பில போட்டிருக்கினம். ஆர் அது?"

படம் எடுத்தது நான்.

மான் நக்குவதை வியாழன் பின்னேரம் நான் பார்த்தேன். வீட்டுக்குப் போக ஸ்கூட்டியை எடுத்தபோது கண்டேன். துரத்தியிருக்கலாம். வெண்கட்டியால் மூன்று எழுத்தை எழுதிவிட்டுப் போயிருக்கலாம். நான் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஒரு படம் எடுத்து, கூடப் படித்த ஐந்து பேர் இருக்கும் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே சிரிக்கிற முகங்கள் ஏழெட்டும் போட்டேன். ஒருத்தி அதைத் தன் அக்காவுக்கு அனுப்பினாள். அக்கா தன் தெருவுக்கு அனுப்பினாள். வழியில் எங்கேயோ சிரிப்பு உதிர்ந்துவிட்டது. மா மட்டும் போய்ச் சேர்ந்தது.

மெம்பர் கேட்டபோது நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அந்தக் காரணம் அன்றைக்குப் பெரிதாகத் தெரிந்தது. இன்றைக்கு அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"ஆர் எடுத்தால் என்ன, போர்ட் என்ர பொறுப்பு" என்றார் திருத்தம் அண்ணை. அன்று பின்னேரமே பலகையைக் கழற்றிப் பின்பக்கம் மூன்று கால் கதிரைக்கு மேல் போட்டார்கள். அவர் மிச்சமிருந்த வெண்கட்டிகளை என் மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கொப்பிகளையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு கிழமைக் கணக்காக அவர் சைக்கிளில் திரிந்ததாகக் கேள்விப்பட்டேன். ஒருநாள் அவருடைய மனைவி அலுவலகத்துக்கு வந்தார். முதல் தடவையாக அவரைக் காண்கிறேன்.

"பிள்ளை, இஞ்ச மா குடுக்கிறீங்களாமே?"

"இல்லை அக்கா. அது பிழையான கதை."

"அது எனக்குத் தெரியும். நான் கேக்கிறது, எங்கட வீட்டு மாவை இந்த மனிசன் எங்க குடுக்குது? வரிசையில நிண்டு வாங்கின மா. டின்னைத் திறந்தால் அடி தெரியுது."

அடுத்தநாள் சந்தியில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றவரைப் பிடித்துக் கேட்டேன். பிடிபட்டவர் முழித்தார்.

"போர்ட்டில மா வழங்கப்படும் எண்டு கிடந்ததெல்லோ பிள்ளை. எல்லா வீட்டிலயும் இல்லை எண்டு சொல்லிக்கொண்டு போனனான். அந்தப் பாலையூத்துப் பிள்ளையின்ர வீட்டில எனக்குச் சொல்ல வாய் வரேல்லை. அப்பிடி ரெண்டு மூண்டு வீடு. அதுகளில மட்டும் போர்ட்டைச் சரியாக்கிப்போட்டு வந்தனான்."

"அக்கா கோவமா இருக்கிறா."

"ஓம். மூண்டு நாளாப் பிட்டு இல்லை" என்றார்.

கொப்பியில் கடைசிப் பெயர் என்னுடையது. ஒரு பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். இஸ்திரி போட்ட சேட்டு. கதிரையில் இருக்காமல் நின்றபடியே, "வெள்ளி காலை வழங்கப்படும் எண்டு இருந்தது மா இல்லை, மானியம்" என்று முறைப்படி சொன்னார். என் பெயருக்கு நேரே ஒரு சரி போட்டார். தேத்தண்ணி குடித்தார். வாசல் படலையடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"உங்களிட்டத் திருத்தம் ஏதும் இருக்கோ பிள்ளை?"

"இல்லை அண்ணை" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் கைத்தொலைபேசியை எடுத்து அந்தப் படத்தை நன்றாகப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு ஸ்கூட்டிக் கண்ணாடி தெரிகிறது. அதில் ஒரு மஞ்சள் ரிப்பன். துறைமுகப் பக்கத்தில் ஸ்கூட்டியில் மஞ்சள் ரிப்பன் கட்டியவள் நான் ஒருத்திதான். அவர் போன வீடுகளில் எல்லாம் அந்தப் படத்தைத்தானே அவருடைய முகத்துக்கு நேரே நீட்டியிருப்பார்கள். அத்தனை தடவை பார்த்தவர், எழுத்துப் பிழை பிடிக்கிற கண்ணால் பார்த்தவர்.

பிறகு சபை கலைந்தது. மெம்பர் இப்போது மெம்பர் இல்லை. திருத்தம் அண்ணையும் மனைவியும் மகளோடு இருக்கக் கிளிவெட்டிக்குப் போய்விட்டார்கள். அங்கே கமக்காரர் சங்கத்து அறிவித்தல் பலகையைக் கையில் எடுத்துவிட்டார் என்றும், தண்ணீர் திறக்கிற நாளைத் திருத்தப் போய் ஒரு வரம்புச் சண்டையே நடந்தது என்றும் கேள்வி. அந்தச் சனத்தை நினைத்தால் பாவமாக இருக்கிறது. கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது.

இந்தப் பத்தியின் முதல் வரியில், கரைச்சல் வந்தது திருத்தம் அண்ணையால் என்று எழுதியிருக்கிறேன். அது பிழை. பெரிய கரைச்சல் வந்தது என்னால். ஆனால் பலகையில் எழுதுகிற திருத்தம் செல்லாது என்றால், பத்திரிகையில் எழுதுகிற திருத்தமும் அவரிடம் செல்லாது. நேரில் போக வேண்டும். வாற சனிக்கிழமை காலை பஸ்ஸில் கிளிவெட்டிக்குப் போகிறேன். அக்காவுக்கு இரண்டு கிலோ மா வாங்கி வைத்திருக்கிறேன். அண்ணை இந்த இதழைச் சிவப்புப் பேனையோடு வாசித்துவிட்டுத்தான் இருப்பார், என்னுடைய பிழைகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அன்றைக்குப் படலையில் நின்று அவர் கேட்ட கேள்விக்கு, "ஓம் அண்ணை, ஒண்டு இருக்கு" என்று சொல்ல வேண்டும்.